வீட்டிலேயே புரோட்டீன் பார்: பவுடர் இல்லாமலும் செய்யலாம், கணக்கு மட்டும் சரியா இருக்கணும்

கேள்வி இதுதான்: கடையில விக்கிற புரோட்டீன் பார் விலை கட்டுப்படியாகல, வீட்ல கம்மி செலவுல ஈஸியா செய்ய முடியுமா, அதுக்கு அவன் (கேக் சுடுற மின்சார அடுப்பு) வேணுமா, புரோட்டீன் பவுடர் கண்டிப்பா வாங்கணுமா. முடியும், அவன் வேண்டாம், பவுடரும் கட்டாயம் இல்ல. ஆனா ஒரு விஷயத்த முதல்லயே சொல்லிடறேன், புரோட்டீன் பார்னு பேர் வச்சு சுத்துற ரெசிப்பில பலதும் புரோட்டீன் பாரே கிடையாது. பேரிச்சம்பழத்தையும் பாதாமையும் சம அளவு எடுத்து அரைச்சு துண்டு போடுறது தான் அதுல ரொம்ப பிரபலம். கணக்கு போட்டு பாருங்க, 100 கிராம் பாதாம்ல சுமார் 21 கிராம் புரோட்டீன், 100 கிராம் பேரிச்சம்பழத்துல சுமார் 2 கிராம் தான். ரெண்டும் சேர்ந்த 200 கிராம்ல 23 கிராம், அப்போ 50 கிராம் பார் ஒண்ணுல 6 கிராம் கூட இல்ல, கலோரி மட்டும் 200 தாண்டிடும். நல்ல சாப்பாடு தான், நான் குறை சொல்லல, ஆனா அது இனிப்பு, புரோட்டீனுக்காக சாப்பிடுறவங்களுக்கு அதுல ஏமாற்றம் தான் மிச்சம்.

அதனால ரெசிப்பிக்கு முன்னாடி விலைய எப்படி பாக்கறதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஒரு பாருக்கு எவ்ளோ செலவுன்னு பாக்காதீங்க, ஒரு கிராம் புரோட்டீனுக்கு எவ்ளோன்னு பாருங்க. வே புரோட்டீன் (பால் திரிஞ்சா பிரியுற தண்ணில இருந்து எடுக்கிற பவுடர்) டப்பா ஒரு கிலோ, பின்னாடி லேபிள்ல 100 கிராமுக்கு 75 கிராம் புரோட்டீன்னு போட்டிருந்தா அந்த டப்பாவுல மொத்தம் 750 கிராம் புரோட்டீன் இருக்கு, டப்பா விலைய 750ஆல வகுத்தா ஒரு கிராமோட விலை வந்துடும். இதே மாதிரி கொழுப்பு நீக்கின பால் பவுடர் ஒரு கிலோல சுமார் 350 கிராம், வேர்க்கடலைல 250, ஓட்ஸ்ல 130. உங்க ஊர் விலைய வச்சு இந்த நாலுக்கும் வகுத்து ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. பெரும்பாலும் வேர்க்கடலை தான் ரொம்ப மலிவா வரும், ஆனா வேர்க்கடலைய மட்டும் வச்சு பார் பண்ணா கொழுப்பு ஏறிடும், ஏன்னா அதோட எடைல பாதி எண்ணெய். அங்க தான் பால் பவுடர் கை கொடுக்குது, அதுல கொழுப்பு கிட்டத்தட்ட கிடையாது, எந்த மளிகைக் கடையிலயும் கிடைக்கும், வச்சிருந்தா சீக்கிரம் கெடாது. புரோட்டீன் பாருக்கு இவ்ளோ பொருத்தமான பொருள யாரும் பெருசா பேசுறதே இல்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

இன்னொரு காரணமும் இருக்கு. வேர்க்கடலை புரோட்டீன்லயும் ஓட்ஸ் புரோட்டீன்லயும் லைசின்ங்கிற அமினோ அமிலம் (புரோட்டீன் இந்த மாதிரி துண்டுகளால தான் ஆனது) கொஞ்சம் கம்மி, பால் புரோட்டீன்ல அது தாராளமா இருக்கு. அதனால இந்த மூணும் ஒரே பார்ல சேரும்போது ஒண்ணோட குறைய இன்னொண்ணு அடைச்சிடுது. நாள் முழுக்க பல வகையா சாப்பிடுறவங்க இதுக்காக கவலைப்பட வேண்டாம், ஆனா ஒரு பார சாப்பாட்டுக்கு பதிலா சாப்பிடுறவங்களுக்கு இது முக்கியம்.

சரி, புரோட்டீன் பவுடர் இல்லாத பார்ல ஆரம்பிப்போம். பீனட் பட்டர் 160 கிராம், கொழுப்பு நீக்கின பால் பவுடர் 150 கிராம், ஓட்ஸ் 100 கிராம், தேன் 100 கிராம், ரெண்டு சிட்டிகை உப்பு. மொத்தம் 510 கிராம் வரும், பத்து துண்டு போட்டா ஒரு பார் 51 கிராம், அதுல பத்தரை கிராம் புரோட்டீன், சுமார் 215 கலோரி. வே பவுடர் இருக்கிறவங்களுக்கு: பீனட் பட்டர் 150, ஓட்ஸ் 120, வே 90, தேன் 120. இதுல பத்து துண்டு போட்டா ஒரு பார் 48 கிராம், புரோட்டீன் 12 கிராம், கலோரி 205 பக்கம். ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க, வித்தியாசம் ஒன்றரை கிராம் தான். இந்த ஒன்றரை கிராமுக்காக பவுடர் டப்பா வாங்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. ஏற்கனவே வீட்ல டப்பா இருந்தா தாராளமா போடுங்க, பாருக்காகவே புதுசா வாங்காதீங்கன்னு தான் சொல்லுவேன்.

பால் பவுடர்ல ஒரே ஒரு தொந்தரவு லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கிற சர்க்கரை. அதோட எடைல பாதி லாக்டோஸ் தான், மேல சொன்ன அளவுல ஒரு பாருக்கு 7, 8 கிராம் வரும். பால் ஒத்துக்காதவங்கள்ல நிறைய பேருக்கு ஒரே வேளைல 12 கிராம் வரைக்கும் பெருசா பிரச்சனை இருக்காது, அதனால ஒரு பார் தாங்கும், ரெண்டு சாப்பிட்டா வயிறு உப்பலாம். ரொம்பவே ஒத்துக்காதுன்னா வே ஐசோலேட்ங்கிற இன்னும் சுத்தப்படுத்தின வே பவுடருக்கு போகலாம், அதுல லாக்டோஸ் ரொம்ப கம்மி, விலை கூட.

பீனட் பட்டர கடையில வாங்கினாலும் சரி, ஆனா மலிவா வேணும்னா வீட்லயே அரைச்சுடுங்க. வேர்க்கடலைய குறைஞ்ச தீயில தோல் தானா உரியுற வரைக்கும் வறுத்து, தோல ஊதிட்டு, லேசா சூடு இருக்கும்போதே மிக்ஸில போடுங்க. முதல்ல பொடியாகும், அப்புறம் கட்டி கட்டியா ஒட்டும், இந்த இடத்துல தான் நிறைய பேர் சரியா வரலன்னு நினைச்சு தண்ணி ஊத்திடுறாங்க, ஊத்தாதீங்க, ஒரு சொட்டு கூட வேண்டாம். நிறுத்தி நிறுத்தி, ஓரத்துல ஒட்டினத வழிச்சு விட்டு ஓட்டிட்டே இருந்தா கடலையோட எண்ணெயே வெளிய வந்து தானா இளகிடும். மோட்டார் சூடானா அஞ்சு நிமிஷம் விட்டுட்டு மறுபடி ஓட்டுங்க. வறுக்கிறதுக்கு முன்னாடி கடலைய ஒரு தட்டுல பரப்பி பூஞ்சை பிடிச்சது, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடுங்க. பூஞ்சைல இருந்து வர்ற அஃப்லடாக்சின் கல்லீரலுக்கு கெடுதல், வறுத்தா அது முழுசா போயிடாது, அதனால மலிவா கிடைக்குதேன்னு பழைய கடலைய வாங்க வேண்டாம்.

இப்போ செய்முறை. ஓட்ஸ வெறும் வாணலில வாசனை வர்ற வரைக்கும் வறுத்து, ஆறினதும் முக்கால்வாசிய பொடி பண்ணி கால்வாசிய அப்படியே வச்சுக்கோங்க, கொஞ்சம் கடிபட்டா தான் நல்லா இருக்கும். பால் பவுடர சலிச்சிடுங்க, அதுல இருக்கிற கட்டி கையில பிசைஞ்சாலும் உடையாது, சாப்பிடும்போது பல்லுல மாட்டும். ஒரு பாத்திரத்துல பீனட் பட்டர், தேன், உப்பு போட்டு சின்ன தீயில வச்சு கிளறி, ரெண்டும் ஒண்ணா கலந்து வழியுற பதம் வந்ததும் உடனே இறக்கிடுங்க. கொதிக்க விடாதீங்க, கொதிச்சா தேன்ல இருக்கிற ஈரம் போயி பார் இறுகிடும். இறக்கினதுக்கு அப்புறம் முதல்ல ஓட்ஸ கலந்து விடுங்க, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் தான் பால் பவுடரோ வேயோ சேர்க்கணும். வே புரோட்டீன் 70 டிகிரி பக்கத்துலயே தன்மை மாற ஆரம்பிச்சு திரிஞ்சு கட்டி கட்டியா போயிடும், சத்து போகாது, ஆனா வாய்ல ரப்பர் மாதிரி இருக்கும். வே சேர்த்த பார அவன்ல சுட்டா காஞ்சு போறதும் இதனால தான்.

ஸ்பூன்ல கிளற முடியாத அளவுக்கு கெட்டியாகும், அப்போ கையால பிசைஞ்சுக்கோங்க. பிசைஞ்சு முடிச்சதும் உடனே எதையும் கூட்டிக் குறைக்காதீங்க, பத்து நிமிஷம் மூடி வைங்க. இந்த பத்து நிமிஷம் ரொம்ப முக்கியம், பவுடர் ஈரத்த இழுத்து முடிக்கிற வரைக்கும் உண்மையான பதம் தெரியாது, பிசுபிசுன்னு இருக்கேன்னு இன்னும் பவுடர அள்ளிப் போட்டா மறுநாள் பல்லு உடையும். அப்புறமா ஒரு உருண்டை பிடிச்சு பாருங்க, விரல் தடம் பதியணும், கையில ஒட்டக் கூடாது, உதிரவும் கூடாது. உதிர்ந்தா ஒரு டீஸ்பூன் தேனோ எண்ணெயோ விடுங்க, ஒட்டினா ஓட்ஸ் பொடி தூவுங்க, புரோட்டீன் பவுடர் தூவாதீங்க. 20 சென்டிமீட்டர் நீளம் 10 சென்டிமீட்டர் அகலம் இருக்கிற டிரேயில பட்டர் பேப்பர் போட்டு கொட்டினா ரெண்டு சென்டிமீட்டர் உயரம் வரும். அடி தட்டையா இருக்கிற டம்ளர வச்சு நல்லா பலமா அமுக்குங்க. பார் உதிர்ந்து போகுதுன்னு சொல்றவங்க பாதி பேர் சரியா அமுக்காதவங்க தான். ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சுட்டு எடுத்து, கத்திய சுடுதண்ணில முக்கித் துடைச்சு வெட்டுங்க, ஓரம் நொறுங்காம வரும்.

தேனுக்கு பதிலா என்ன போடலாம்னு அடுத்த கேள்வி கண்டிப்பா வரும். இங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும், தேன் இனிப்புக்கு மட்டும் இல்ல, அது தான் பசை. அதனால கலோரி இல்லாத இனிப்பு பொடியவோ சொட்டு மருந்து மாதிரி வர்ற திரவத்தையோ மட்டும் போட்டா இனிக்கும், ஒட்டாது. பேரிச்சம்பழம் போடலாம், 130 கிராம் எடுத்து வெந்நீர்ல பத்து நிமிஷம் ஊறவச்சு, தண்ணிய நல்லா பிழிஞ்சு எடுத்துட்டு அரைங்க, ஆனா ஈரம் ஏறிடுறதால அந்த பார் ஃப்ரிட்ஜுக்கு வெளிய தாங்காது. எல்லாத்தையும் விட மலிவு சர்க்கரை பாகு தான். 80 கிராம் சர்க்கரை, 40 மில்லி தண்ணி, அரை டீஸ்பூன் எலுமிச்சை சாறு, ஒரு கம்பிப் பதம் வந்ததும் இறக்கிடுங்க. எலுமிச்சை சாறு எதுக்குன்னா அந்த புளிப்பு சர்க்கரையோட ஒரு பகுதிய குளுக்கோஸாவும் ஃப்ரக்டோஸாவும் உடைச்சிடும், அதனால பாகு மறுபடி சர்க்கரையா பூத்து நறநறன்னு ஆகாது. உருட்டு பதம் வரைக்கும் விட்டீங்கன்னா பார் கல்லு தான். வாழைப்பழம் மசிச்சு போடுற ரெசிப்பியும் நிறைய இருக்கு, சுவை நல்லா இருக்கும், மூணு நாளைக்குள்ள தீத்துடுங்க.

கடை பார்ல 60 கிராமுக்கு 20 கிராம் புரோட்டீன் இருக்கே, வீட்டு பார்ல ஏன் இல்லன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. அவங்க கிளிசரின், நார்ச்சத்து சிரப், ஏற்கனவே துண்டு துண்டா உடைச்ச புரோட்டீன் இதெல்லாம் போட்டு பவுடர் அளவ ஏத்தியும் பார மெத்துன்னு வச்சுக்கிறாங்க. நம்ம கிட்ட அது இல்ல. ஆனா பக்கத்துல போகலாம்: வே 140, பீனட் பட்டர் 110, ஓட்ஸ் 70, தேன் 100, பால் 35 மில்லி. எட்டு துண்டு போட்டா ஒண்ணு 57 கிராம், புரோட்டீன் 17 கிராமுக்கு மேல, கலோரி 225. பால் ஊத்தினதால இத ஃப்ரிட்ஜ்ல தான் வைக்கணும், நாலு நாளைக்குள்ள சாப்பிடணும், மிச்சத்த ஃப்ரீசர்ல போட்டுடுங்க. இதுக்கு மேல பவுடர ஏத்தினா வாய்ல மாவு அடைச்ச மாதிரி இருக்கும், நான் அந்தப் பக்கம் போகவே சொல்ல மாட்டேன்.

பவுடர மாத்தும்போது அதே எடைய போடக் கூடாது, இது நிறைய பேர் கவனிக்காத இடம். வே ஈரத்த கம்மியா குடிக்கும், குழையும். கேசின் (பால்ல இருக்கிற இன்னொரு புரோட்டீன்) நிறைய குடிக்கும், களிமண் மாதிரி உருட்ட வரும், பாருக்கு அது ரொம்ப அருமையான பொருள். பட்டாணி புரோட்டீனும் சோயா புரோட்டீனும் எல்லாத்தையும் விட வறட்சி, அதுல போட்டா கால்வாசி குறைச்சுப் போட்டு, பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, கொஞ்சம் கோகோ பவுடர் சேர்த்தா அந்த பச்சை வாசனை அடங்கும். பால் பொருளே வேண்டாம்ங்கிறவங்களுக்கு கொழுப்பு நீக்கின சோயா மாவு மலிவான வழி, 100 கிராமுக்கு சுமார் 50 கிராம் புரோட்டீன், ஆனா பச்சை சோயா மாவ அப்படியே போடாதீங்க, அதுல இருக்கிற டிரிப்சின் தடுப்பான் செரிமானத்த கெடுக்கும், நல்லா வறுத்ததா இருக்கணும். பச்சை கோதுமை மாவும் சுடாத பார்ல போடக் கூடாது, அதுல கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. ஓட்ஸ தயாரிக்கும்போதே ஆவில வேக வச்சுத் தான் தட்டுறாங்க, அதனால அது பரவால்ல. பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்க்கச் சொல்ற ரெசிப்பி பாத்தா தள்ளி விட்டுடுங்க, சால்மொனெல்லாங்கிற கிருமி பயம் ஒரு பக்கம், பச்சையா இருக்கும்போது அதுல இருக்கிற அவிடின் பயோட்டின் சத்த உடம்புல சேர விடாது.

ரெண்டு நாள்ல பார் கல்லாயிடுதுங்கிறது தான் வீட்ல செய்றவங்க எல்லாரும் சொல்ற குறை, கம்பெனிக்காரங்களுக்கும் இதே தலைவலி உண்டு. நடக்கிறது என்னன்னா, தேன்லயோ பாகுலயோ இருக்கிற ஈரம் மெதுவா புரோட்டீன் துகளுக்குள்ள போயிடுது, பசையா இருந்தது காஞ்சு போகுது, புரோட்டீன் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு வலை மாதிரி இறுகுது. இத முழுசா நிறுத்த முடியாது, தள்ளிப் போடலாம். சர்க்கரை பாக விட தேன் நல்லது, அதுல இருக்கிற ஃப்ரக்டோஸ் ஈரத்த விடாம பிடிச்சு வச்சுக்கும். பீனட் பட்டர் அளவ குறைக்காதீங்க, கொழுப்பு துகள சுத்திப் பூசிக்கிட்டா ஈரம் உள்ள போக நேரம் ஆகும். ஓட்ஸ் பங்க ரொம்ப வெட்டாதீங்க. ஒவ்வொரு பாரையும் தனித்தனியா காத்து போகாம சுத்தி வைங்க. தண்ணியோ பாலோ பழமோ சேர்க்காத பார் குளிர்ச்சியான இடத்துல ஒரு வாரம், ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரம், ஃப்ரீசர்ல ரெண்டு மூணு மாசம் இருக்கும். தண்ணி இல்லாதது ஏன் தாங்குதுன்னா தேன்லயும் கடலைலயும் இருக்கிற கொஞ்ச ஈரத்த சர்க்கரை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு, கிருமிக்கு குடிக்கக் கிடைக்காது. நீங்க ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்தினா அந்த பாதுகாப்பு போயிடும்.

மேல சாக்லேட் பூசணும்னா உருக்கி ஸ்பூன்ல தடவினாலே போதும், முக்கி எடுக்க வேண்டாம், செலவும் கலோரியும் தான் ஏறும். கடை பார்ல வர்ற மால்டிடால் மாதிரி இனிப்ப வாங்கிப் போடலாமான்னு சிலர் கேப்பாங்க, வயித்த கலக்கும், அவசியமே இல்ல. சைலிடால்ங்கிற இனிப்ப போட்டா, வீட்ல நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, நாய்க்கு அது விஷம்.

யாருக்கு கொடுக்கறோம்னும் பாக்கணும். தேன் போட்ட எதையும் ஒரு வயசுக்கு கீழ இருக்கிற குழந்தைக்கு கொடுக்கவே கூடாது, பாட்டுலிசம்ங்கிற ஆபத்தான நோய் வர வாய்ப்பு இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்குன்னா முழு கடலை, முழு பாதாம் போடாம எல்லாத்தையும் பொடியா அரைச்சிடுங்க. கடலை அலர்ஜி இருக்கிறவங்க வீட்ல சூரியகாந்தி விதைய இதே மாதிரி வறுத்து அரைச்சு போடலாம், புரோட்டீன் 100 கிராமுக்கு 20 பக்கம் வரும், கொஞ்சம் தான் கம்மி. கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க புரோட்டீன் அளவ டாக்டர் கிட்ட கேக்காம ஏத்தாதீங்க. மத்தபடி ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 0.8 கிராம் தான் அடிப்படை அளவு, எடை தூக்கி பயிற்சி பண்றவங்க 1.6 வரைக்கும் போறாங்க. 60 கிலோ இருக்கிறவங்களுக்கு அடிப்படை 48 கிராம், இந்த பார் ஒண்ணு அதுல ஐஞ்சுல ஒரு பங்கு. ரெண்டு முட்டைல 12 கிராம் புரோட்டீன் 150 கலோரிக்குள்ள கிடைச்சிடுது, அதனால வீட்ல உக்காந்து சாப்பிட நேரம் இருக்கும்போது பார் தேவையே இல்ல. பைல போட்டுட்டு போக, வேலைக்கு நடுவுல பசிச்சா எடுத்துக் கடிக்க, அதுக்குத் தான் பார்.

முதல் தடவ செய்றவங்க பாதி அளவு போட்டு பாருங்க, எடை மிஷின் இருந்தா கண்டிப்பா எடை போட்டே செய்யுங்க, கப் கணக்குல பீனட் பட்டரும் பவுடரும் ஒவ்வொரு தடவையும் மாறும். சரியா வராம உதிர்ந்து போனாலும், இறுகிப் போனாலும் தூக்கிப் போடாதீங்க, நொறுக்கி தயிர்லயோ சூடான பால்லயோ போட்டு சாப்பிட்டா நல்லாவே இருக்கும், புரோட்டீன் எங்கயும் போயிடல.